கூட்டத்தில் உட்காரும் வேலை

எங்கள் ஊரில் ஆற்றைச் சுத்தம் செய்ய ஒரு குழு உண்டு. நானும் அதில் ஒருவன். முக்கூடலைத் தாண்டி, தாமிரபரணி ஒரு வளைவு வளைந்து போகிற இடத்தில் இருக்கிறது ஊர். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே எனக்கு மருந்துக்கடை. குழுவில் மற்றவர்கள் பள்ளி ஆசிரியர்கள், வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யும் சில இளைஞர்கள். எங்கள் எல்லோருக்கும் பொதுவான காரணம் ஆற்றின் மேல் இருந்த அன்புதான் என்று மேடையில் சொல்லலாம். விடுமுறை நாளில் வீட்டில் இருந்தால் ஒட்டடை அடிக்கச் சொல்வார்கள் என்பதும் ஒரு காரணம்.

ஆற்றுக் குப்பை என்றால் வெளியூர்க்காரர்கள் பிளாஸ்டிக்கை நினைப்பார்கள். எங்களுக்குத் துணிதான் பெரிய தொல்லை. திதி கொடுக்கவும் பரிகாரம் செய்யவும் வருகிறவர்கள் முங்கி எழுந்து, உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்படி விட்டால் தோஷம் கழியும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய தோஷம் மிதந்து வந்து எங்கள் ஊர்ப் பாறைகளிலும் நாணல் வேரிலும் சுற்றிக்கொள்ளும். மணல் ஏறிய நனைந்த சேலை ஓர் ஆள் கனம் கனக்கும். கொக்கிக் கம்பியால் மாட்டி இழுத்தால் பாதியில் கிழிந்துபோய் மிச்சம் உள்ளேயே தங்கிவிடும். குனிந்து, கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

எல்லோருக்கும் ஒன்றாக ஒழியும் நாளாகப் பார்த்துத்தான் வேலையை வைத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீடுகள் இழுத்துக்கொள்ளும். ஆகவே குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி. காலையில் பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும் நேராக ஆற்றுக்குப் போய்விடுவோம். தேசத்துக்கான நாளில் தேசத்துக்கான வேலை என்று எங்களில் ஒருவர் எழுதிப் போட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு நாங்களே நெகிழ்ந்துபோனோம்.

காலைச் சாப்பாடு மண்டபத்து அண்ணாச்சியின் உபயம். ஆற்றங்கரை மேட்டில் கல்யாண மண்டபம் கட்டியிருப்பவர் அவர். நல்ல மனிதர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் நாற்காலி அவர் மண்டபத்திலிருந்துதான் வரும். நாங்கள் ஆற்றில் இறங்குகிற நாளில் ஒரு பாத்திரம் நிறையப் பொங்கலும் உளுந்தவடையும் கரைக்கு வந்துவிடும். கையுறையும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான். எல்லோருக்கும் மஞ்சள் பனியன் அடித்துத் தந்திருந்தார். முன்பக்கம் ஆற்றைக் காப்போம் என்றும், முதுகில் மண்டபத்தின் பெயரும் இருக்கும்.

அந்த மண்டபத்தின் கழிவுநீர் ஆற்றில்தான் விழுகிறது. சமையல்கட்டுத் தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், தரை துடைக்கும் மருந்துத் தண்ணீர், கல்யாணக் கூட்டம் அதிகமானால் கழிப்பறைத் தொட்டி நிரம்பி வழிவது, எல்லாம் ஒரு குழாய் வழியாக இறங்கி, பெண்கள் துறைக்குச் சற்று மேலே கலக்கிறது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். முதுகில் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு நாங்கள் துணி அள்ளியதும் அந்தக் குழாயின் கீழேதான். மூக்கைச் சுளித்துக்கொண்டு அள்ளினோம்.

இதில் மாட்டிக்கொண்டது என் மதினி. அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் வேலை கிடைத்து, அதை வைத்துத்தான் பிள்ளையைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கிறாள். வாய் கொஞ்சம் அதிகம். ரேஷன் கடையில் அவள் நின்றால் எடை போடுகிறவருக்கு வியர்க்கும். அவளுடைய தெரு குழாய்த் தண்ணீரின் கடைசித் தெரு. அங்கே தண்ணீர் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. ஆகவே துணி துவைப்பது, குளிப்பது எல்லாம் ஆற்றில். அந்தக் கோடையில் அவள் கைவிரல் இடுக்குகளில் அரிப்பு தொடங்கியது. பிறகு வெடித்தது. பிறகு உள்ளங்கை முழுக்கப் புண்ணாகிவிட்டது.

களிம்பு கொடுத்தேன். ஆறியது, திரும்ப வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஊதா மருந்தும் மாத்திரையும் கொடுத்து, அழுக்குத் தண்ணீரில் கை வைக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

"ஆத்துக்குப் போவாதிய மைனி" என்றேன்.

"போவல. நீரு கடையை அடைச்சிட்டு வந்து ரெண்டு கொடம் தண்ணி கொண்டாந்து ஊத்தும். நான் வீட்டுலயே இருக்கேன் கொழுந்தனாரே" என்றாள்.

சத்துணவு அமைப்பாளர் அம்மா அவள் கையைப் பார்த்துவிட்டு, ஆறும்வரை அடுப்பங்கரைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதில் அந்த அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகள் சாப்பிடுகிற சோறு. வேறொரு பெண்ணைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டார். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போதும் கை இப்படியே இருந்தால் மேலே எழுதித்தான் ஆக வேண்டும் என்றும் சொன்னார். தற்காலிகமாக வந்த பெண்ணுக்கும் வீட்டில் கஷ்டம் உண்டு, அவள் வேலையை விடமாட்டாள் என்று மதினிக்குத் தெரியும். அதற்குப் பிறகு வெளியே வரும்போது இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டாள்.

ஆடி அமாவாசை கழிந்து வந்த சுதந்திர தினம் அது. ஆறு முழுக்கத் துணி. குவியல் எங்கள் இடுப்புயரம் வந்தது. படமெல்லாம் எடுத்து முடித்து, கரையில் பொங்கல் தின்றுகொண்டிருந்தபோது மதினி படித்துறையில் இறங்கி வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள்.

"கூட்டம் முடிஞ்சிட்டு" என்றாள்.

"என்ன கூட்டம் மைனி?"

"கிராமசபைக் கூட்டம். வருசத்துக்கு அஞ்சாறு மட்டம் கூடுதாவள்லா. குடியரசு தினம், மே தினம், இன்னைக்கு, காந்தி ஜெயந்தி. தெரியாதோ?"

நாங்கள் பொறுக்கியெடுத்த நாட்கள் அத்தனையும் ஊர் கூடிப் பேச வேண்டிய நாட்கள். படித்தவர்கள், செய்தித்தாள் வாசிக்கிறவர்கள், இத்தனை வருடமாக அந்த நாட்களில் ஒருவர் விடாமல் தண்ணீருக்குள் நின்றிருக்கிறோம். கிராமசபை நடக்கும் என்பது தெரியாமல் இல்லை. அதற்கு யாரோ போவார்கள் என்று இருந்துவிட்டோம்.

மதினி நின்றபடியே சொன்னாள். "நான் எந்திச்சிக் கேட்டேன். மண்டபத்துத் தண்ணி பொம்பளையள் துறையில வந்து விழுது, குழாயை மாத்தச் சொல்லுங்கன்னு. பஞ்சாயத்துத் தலைவர் என்ன சொன்னாருங்கிய? ஆத்தைத்தான் உங்க கொழுந்தன்மாரு சுத்தம் பண்ணுதாவள்லா, அங்கன ஒரு குறையும் இல்லன்னாரு. வேற யாருக்கும் இந்தக் குறை இருந்தாக் கையைத் தூக்குங்கன்னாரு. இருந்தது நாலஞ்சு பொம்பளைய. அவளுவளும் மண்டபத்துக்குப் பாத்திரம் தேய்க்கப் போறவளுவ. எப்பிடித் தூக்குவாளுவ?"

பிறகு எங்கள் இலைகளைப் பார்த்தாள்.

"உங்களுக்கு நன்றி சொல்லி ஒரு தீர்மானம் போட்டுருக்காவ. நானும் கை தட்டுனேன். சாப்பிடுங்க."

என்னால் சாப்பிட முடியவில்லை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. தலைவர் மேலா, அண்ணாச்சி மேலா, எங்கள் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவள் அந்தக் கூட்டத்தில் தனியாக எழுந்து நின்று கேட்டிருக்கிறாள். கூட இருந்திருக்க வேண்டிய நான், அவளுக்குப் பதில் சொல்ல அவர்களுக்கு ஒரு காரணமாக மட்டும் பயன்பட்டிருக்கிறேன். அதுதான் வலித்தது.

அன்று மாலை குழுவைக் கூட்டினேன். அடுத்த காந்தி ஜெயந்திக்கு எல்லோரும் கிராமசபையில் போய் உட்கார வேண்டும் என்றேன். இதற்கு எதிர்ப்பு வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

"நாம செய்யுதது சேவை. கூட்டம், தீர்மானம்னு போனா அரசியலா ஆயிரும்" என்றார் வங்கிக்காரர்.

"ஆத்துல விழுத தண்ணி எந்தக் கட்சி சார்?" என்று கேட்டேன்.

பேட்டைப் பட்டறைக்காரர் உள்ளதைச் சொன்னார். "அது கெடக்கட்டும் வே. அண்ணாச்சி மூஞ்சியில எப்பிடி முழிக்கது? மொத நாள் அவரு பொங்கலைத் தின்னுட்டு மறுநாள் அவரு பேரைச் சபையில இழுத்தா நல்லாவா இருக்கும்? வீட்டுல போய்ப் பைய சொல்லிருவோம்."

எங்கள் பக்கத்து வழக்கம் இதுதான். பெரிய மனிதரிடம் ஒரு குறை சொல்ல வேண்டுமென்றால் நாலு பேர் முன்னால் சொல்லக்கூடாது. வீட்டுக்குப் போய், வேறு ஏதோ பேசி, நடுவில் அதையும் ஒரு வார்த்தை போட்டுவிட்டு வர வேண்டும். மரியாதையான முறை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போனேன். அண்ணாச்சி வாசல் வரை வந்து கூட்டிக்கொண்டு போனார். காப்பி வந்தது. எங்கள் அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு சொன்னார். என் மகள் கல்யாணத்துக்கு மண்டபத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்றார். மகள் அப்போது பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். நான் சரி அண்ணாச்சி, சரி அண்ணாச்சி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தெருமுனை வந்த பிறகுதான் எதற்குப் போனேன் என்பதே நினைவுக்கு வந்தது. மதினியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. காப்பி எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டாள்.

ஆற்றில் இறங்குவது ஏன் எங்களுக்கு அத்தனை பிடித்திருந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். இறங்கினால் அன்றைக்கே பலன் தெரிகிறது. குவியல் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை, யார் முகமும் சுருங்காது. கூட்டத்தில் அப்படி இல்லை. தெருவிளக்கு, சாக்கடை வாறுகால், குடிநீர்க் குழாய் என்று ஒருவர் வாசிக்க, வெயிலில் உட்கார்ந்து கொட்டாவி விட வேண்டும். தெரிந்தவருக்கு எதிராக, தெரிந்தவர்கள் முன்னால், வாயைத் திறக்க வேண்டும். தேர்தலன்று வரிசையில் நின்று, விரல் மையைப் படமெடுத்துப் போடுகிறவர்கள்தான் நாங்கள். ஓட்டுப்போடும் மறைப்புக்குள் நாம் தனி; நம் கையை யாரும் பார்ப்பதில்லை. சபையில் கையைத் தூக்கினால் ஊரே பார்க்கும். நம் ஆட்கள் ஓட்டுப்போட அஞ்சுவதில்லை, கை தூக்கத்தான் அஞ்சுகிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இளைஞர்கள்தான் வழி சொன்னார்கள். காலையில் வழக்கம்போல ஆறு, கூட்டம் தொடங்கும் நேரத்துக்குக் கரையேறிவிடுவது. வங்கிக்காரரும் அரைமனதாக ஒத்துக்கொண்டார். அன்று பொங்கல் வேண்டாம் என்று அண்ணாச்சிக்கு முதல் நாளே சொல்லி அனுப்பினோம். ஏன் என்று கேட்டு ஆள் வந்தது. விரதம் என்று சொல்லிவிட்டார் பட்டறைக்காரர். இத்தனை பேருக்கும் ஒரே நாளில் என்ன விரதம் என்று அவர் யோசிக்கவில்லை.

காந்தி ஜெயந்தியன்று, நூலகத்துக்கு முன்னால் சாமியானா போட்டு நாற்காலி வரிசை போட்டிருந்தார்கள். ஈரம் சொட்டச் சொட்டப் போய் உட்கார்ந்தோம். உட்கார்ந்த பிறகுதான் கவனித்தோம், எல்லோர் முதுகிலும் மண்டபத்தின் பெயர். அண்ணாச்சி முன்வரிசையில் இருந்தார். எங்களைப் பார்த்துக் கை உயர்த்திச் சிரித்தார். நாங்கள் முதுகை நாற்காலியோடு ஒட்டவைத்துக்கொண்டு சிரித்தோம்.

கூட்டத்தை மேற்பார்க்க அரசு அனுப்பும் பற்றாளர் ஓர் ஓரத்தில் இருந்தார். தலைவர் ஒவ்வொன்றாக வாசித்து முடித்து, வேறு ஏதாவது உண்டா என்றார். மதினி எழுந்தாள். கைகள் முந்தானைக்குள் இருந்தன. போன முறை சொன்னதையே, சத்தம் கூட்டாமல், திரும்பச் சொன்னாள். இந்தக் கை ஆறாவிட்டால் தன் வேலை போய்விடும் என்பதையும் சொன்னாள். தலைவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"நம்ம தம்பிமாரு இங்கனதான இருக்காவ. ஆத்தை எவ்வளவு சுத்தமா வச்சிருக்காவ, நீங்களே சொல்லுங்க."

நான் எழுந்தேன்.

"தலைவரே, நாங்க துணியைத்தான் எடுக்கோம். தண்ணியை எங்களால எடுக்க முடியாது. மைனி சொல்லுதது நெசம். அந்தக் குழாயை மாத்தணும்."

அண்ணாச்சி முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் முகம் வாடிப்போயிருந்தது.

"ஏன் தம்பி, அன்னைக்கு வீட்டுக்கு வந்தீரு. காப்பி குடிச்சீரு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. இப்பிடிச் சபையில வச்சா கேக்கது?"

மதினிதான் பதில் சொன்னாள்.

"அதாலதான் அண்ணாச்சி இங்கன கேக்கோம். வீட்டுக்கு வந்தா நீங்க காப்பி குடுப்பிய. எங்க கொழுந்தனும் குடிச்சிட்டு வாயை மூடிக்கிட்டுத் திரும்பி வந்துருவாரு. இங்கன காப்பி கெடையாதுல்லா."

கூட்டம் சிரித்தது. பற்றாளர் கூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. தலைவர் வேறு வழியில்லாமல், இதை ஆதரிப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் அண்ணாச்சியின் பின்தலையைப் பார்த்தார்கள். மதினி முந்தானையை விலக்கி வலது கையைத் தூக்கினாள். ஊதா மருந்து பூசி, வெடிப்பு வெடிப்பாக, தோலுரிந்த கை. இத்தனை மாதம் ஒளித்து வைத்திருந்ததை ஊர் முழுக்கப் பார்த்தது. நான் தூக்கினேன். வங்கிக்காரர் எனக்கு முன்பே தூக்கியிருந்தார். மஞ்சள் பனியன்கள் அத்தனையும் தூக்கின. மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி தோளுக்கு மேல் போகாமல் பைய உயர்த்தினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. அண்ணாச்சி கை தூக்கவில்லை. ஆனால் மதினியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "எழுதிக்கிடுங்க" என்று தலைவரிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

உறிஞ்சு குழியும் தொட்டியும் கட்டி, ஆற்றுக்குப் போகும் குழாயை அடைக்க வேண்டும் என்று தீர்மானம். தீர்மானம் ஆனதோடு எல்லாம் நடந்துவிடவில்லை. அந்த மாதம் ஒருவரும் மண்ணைக்கூடக் கிளறவில்லை. நவம்பர் முதல் தேதி, உள்ளாட்சி தினத்துக்கு, திரும்பவும் கிராமசபை கூடியது. விடுமுறை நாள் இல்லை. நான் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். ஆசிரியர்கள் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார்கள். மதினி எழுந்து, என்னாச்சு என்று ஒரே வார்த்தை கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். அடுத்த வாரம் மண்டபத்துப் பின்பக்கம் குழி தோண்டும் இயந்திரம் வந்து நின்றது.

அண்ணாச்சி அந்த நாட்களில் எனக்கு முகம் கொடுக்கவில்லை. ரத்த அழுத்த மாத்திரையை முக்கூடலுக்குப் போய் வாங்கிக்கொண்டார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அவரை எனக்கு எப்போதும் பிடிக்கும், இப்போதும் பிடிக்கும். இனி ஆற்றில் இறங்கும் நாட்களில் அவரவர் வீட்டிலிருந்து இட்லி கட்டிக்கொண்டு வருவது என்று முடிவு செய்துகொண்டோம். மார்கழி பிறந்த பிறகு ஒருநாள் கடைக்கு வந்தார். முக்கூடலில் அந்த மாத்திரை இருப்பில் இல்லையாம். எல்லாக் கடையிலும் கிடைக்கிற மாத்திரை அது. நான் எடுத்துக் கொடுத்தேன். "குழாயை அடைச்சாச்சு. போய்ப் பாத்தீரா?" என்றார். பார்த்தேன் அண்ணாச்சி என்றேன். மாத்திரை அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அடுத்த மாதத்துக்கும் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மதினியின் கை ஆறத் தொடங்கியது. மழைக்கு ஆறு நிறைந்து ஓடியதும் ஒரு காரணமாக இருக்கலாம். குழாய் அடைபட்டதும் காரணமாக இருக்கலாம். மருந்துக்கடைக்காரன் நான், களிம்புதான் காரணம் என்றும் சொல்லிக்கொள்ளலாம். சண்டை போட விருப்பமில்லை.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று சாயங்காலம் மதினி கடைக்கு வந்தாள். சேலையில் சாம்பார் வாசனை அடித்தது. அவள் படியேறுவதைப் பார்த்ததுமே பழக்கதோஷத்தில் நான் களிம்புக் குழாயை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவள் அதை எடுக்கவில்லை. இரண்டு கையையும் கண்ணாடி மேஜைமேல் விரித்து வைத்தாள். புதுத்தோல் வெளிறிப்போய், வழவழவென்று இருந்தது. அடுப்பங்கரையில் பட்ட மஞ்சள் கறை விரலில் இருந்தது. என் கண் கலங்கியதை அவள் பார்த்துவிட்டாள், பார்க்காததுபோல இருந்துகொண்டாள்.

"அது வேண்டாம். உள்ள எடுத்து வையும்" என்றாள். "குடியரசு தினத்துக்குக் கூட்டம் எத்தனை மணிக்கு? எங்க தெருக் குழாய்ல தண்ணி வரலன்னு கேக்கணும்."